எண்ணெய்த் துளையில் சந்தனம்

நான் சிதம்பரத்திலிருந்து வந்து பையைக்கூடக் கீழே வைத்திருக்கவில்லை. காயலான் கடைக்காரர் தன் மூன்று சக்கர வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினார். 2008ஆம் வருஷம், தீபாவளி முடிந்த வாரம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

உள்ளே டிவியைத் தரையில் இறக்கி வைத்திருந்தார்கள். டிவிக்கு அடியில் விரித்திருந்த பழைய புடவையும் இல்லை. பல வருஷமாக நான் மேஜை என்றே நினைத்துப் பழகிவிட்ட சாமான் இப்போது மரமூடியும் கழற்றப்பட்டு நின்றது. கறுப்புத் தலை. அதன்மேல் தங்க நிறத்தில் பூக்கொடி. பக்கத்தில் கைச்சக்கரம், கீழே சிலந்தி வலை பின்னிய இரும்பு மிதி. அம்மாவின் தையல் மிஷின்.

"மரத்துக்கு எடை கெடையாது. இரும்ப மட்டும்தான் போடுவேன்" என்றார் காயலான் கடைக்காரர்.

"எப்புடியோ போடு. இன்னிக்கே இது வெளிய போவணும்" என்றார் அப்பா.

அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "தூக்கிக்கினு போவட்டும். ஒங்க தங்கச்சி மனசு குளிரட்டும்" என்று மீனிடம் சொன்னாள்.

கடைக்காரர் மிதியில் கையை வைத்து அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. "செத்துப்போன மிஷின்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு அம்மாவின் கை நின்றதை நான் பார்த்தேன். ஒரு நெத்திலியின் தலையைப் பிடித்தபடி கை அப்படியே நின்றது. அவ்வளவுதான். நான் பையைப் போட்டுவிட்டு மிஷினுக்கும் வண்டிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"தை மாசம் வரைக்கும் எனக்கு டைம் குடுப்பா. ஓடலன்னா நானே கொண்டுபோய்ப் போட்டுட்டு வரேன்."

"நீ என்னா மெக்கானிக்கா?"

"படிக்கிறேன் இல்ல?"

அப்பா காயலான் கடைக்காரரைப் பார்த்தார். அவர் மழையைப் பார்த்தார். கடைசியில் பழைய குக்கர் ஒன்றையும் உடைந்த குடத்தையும் எடுத்துக்கொண்டு அவர் போனார்.

அந்த மிஷினை வெளியே தள்ள அப்பா ஏன் அவ்வளவு அவசரப்பட்டார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஒரே தங்கை. என் அத்தை. சிதம்பரத்தில் கட்டிக் கொடுத்தது. மாமா அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் பழக்கடை வைத்திருந்தார். எனக்குப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்தபோது ஹாஸ்டலில் சேர்க்க வசதியில்லை. அத்தை வீட்டில் தங்கிப் படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா கடலூர் ஓ.டி.யில், அதாவது ஓல்டு டவுனில், மண்டியில் மூட்டை தூக்குகிறவர், கைநாட்டு. அம்மா தன் பெயரை மட்டும் எழுதுவாள். என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு அந்தக் கையெழுத்தையே ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருப்பார்கள் இருவரும்.

அம்மாவும் அத்தையும் பேசிக்கொண்டதை நான் மூன்றாம் வகுப்புக்குப் பிறகு பார்த்ததில்லை. நான் அத்தை வீட்டில் தங்கப் போகிறேன் என்று முடிவானபோது அம்மா சொன்னது இது: "சோத்துக்குப் போறான். ஒறவுக்குப் போவல." வெள்ளிக்கிழமை சாயந்தரம் கடலூர் பஸ் ஏறுவேன், ஞாயிறு சாயந்தரம் சிதம்பரம் பஸ். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று பிடுங்கிப் போட்டிருந்த காலம். பு.முட்லூரில் பரங்கிப்பேட்டைக்காரர்கள் இறங்கினால்தான் உட்கார இடம் கிடைக்கும். அத்தை கொடுத்தனுப்பும் பலகாரத்தை அம்மா பிரிக்காமல் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பாள். அம்மா கட்டிக் கொடுக்கும் நெத்திலிக் கருவாட்டை மட்டும் அத்தை வாங்கி உடனே வறுத்துச் சாப்பிடுவாள். "கருவாடு என்னா பாவம் பண்ணுச்சு" என்பாள்.

சண்டைக்குக் காரணம் இந்த மிஷின். ஒரு ஆயுத பூஜை அன்று அத்தை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா அப்போது அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக் கொடுப்பாள். காலையிலேயே மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றிப் படைத்துவிட்டாள். படைத்த சாமானை மறுநாள் பூஜை முடித்து எடுக்கிறவரை தொடக் கூடாது. கத்திகூடக் காய் நறுக்காது. நாங்கள் புத்தகத்தைத் தொடாமல் இருப்பதற்கு அந்த ஒரு நாள்தான் நியாயமான காரணம். மத்தியானம் அம்மா தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில், அத்தை தன் மகளின் பாவாடைக்கு ஓரம் அடித்துவிடலாம் என்று மிஷினில் உட்கார்ந்துவிட்டாள். ஓரம் பாதி அடிக்கும்போது மிஷின் நின்றது. நின்றது நின்றதுதான். மறுநாளும் ஓடவில்லை. ரிப்பேர்க்காரர் ஒருவர் வந்து சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டு, உடைத்துத்தான் எடுக்க வேண்டும் என்றார். அம்மா அவரை அனுப்பிவிட்டாள்.

"படைச்ச மிஷின்ல ஒக்காந்தா. அம்மன் கையக் கட்டிப்புட்டா" என்றாள் அம்மா. "என் பொழப்பே போச்சு." அதற்குப் பிறகு அம்மா தைக்கவில்லை. முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போனாள். கொட்டையிலிருந்து வடியும் பாலில் விரல்கள் வெந்து கறுத்ததை, நான் எந்தப் பாடப் புத்தகத்தைத் திறந்தாலும் அதைப் பிடித்துக் கொடுத்த கையில் பார்த்திருக்கிறேன். ஆகவே அம்மாவின் கோபத்தைச் சின்ன விஷயம் என்று என்னால் சொல்ல முடியாது. அத்தையின் சோற்றையும் தின்றவன் நான். அவளைக் கெட்டவள் என்றும் சொல்ல முடியாது.

இப்போது அந்தப் பாவாடைக்காரிக்கே கல்யாணம். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்பதால் முறைப்பெண் பேச்சு எங்கள் இரண்டு பேருக்கும் எழவில்லை. தை மாதம் முகூர்த்தம். தாய்மாமன் சீர் எங்கள் அப்பா கொண்டுபோக வேண்டும். எங்கள் பக்கத்தில் அந்தச் சீர்த் தட்டை மாமன் தனியாக ஏந்த மாட்டான். மாமனும் மாமன் பெண்சாதியும் சேர்ந்துதான் மேடை ஏற வேண்டும். மாமன் எடுத்த புடவையைக் கட்டிக்கொண்டுதான் பெண் மணையில் உட்காருவாள். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அத்தை என்னிடம் ஒருநாள் சோறு போடும்போது சொன்னாள்: "ஒங்கப்பா மட்டும் தட்டத் தூக்கிக்கினு வந்தா, மாப்பிள வூட்டுக்காரங்க பக்கத்துல இருக்கற காலி எடத்தத்தான்டா பாப்பாங்க."

சண்டைக்குக் காரணமான இரும்பு வீட்டை விட்டுப் போனால் சண்டையும் போய்விடும் என்பது அப்பாவின் கணக்கு. எனக்கு அது தப்பாகப் பட்டது. மிஷின் போனால் காரணம் மட்டும் என்றைக்கும் இருந்துவிடும். ஏன் நின்றது என்று பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். எதற்கும் ஒரு காரணம் உண்டு, அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் ஆட்கள் சமாதானமாகிவிடுவார்கள் என்று அப்போது நம்பினேன்.

தெருமுனையில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தவன் என்னோடு எட்டாவது வரை படித்தவன். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். மிஷின் தலையைச் சாக்கில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு அவன் கடைக்குப் போனேன்.

"யாரு மச்சான் இது, பொணமாட்டம் தூக்கினு வர?"

"தையல் மிஷின். இறுகிப்போச்சு."

"பி.எஸ்ஸி. முடிச்சு கடைசியில ஜாக்கெட் தைக்கப் போறியா? அளவு எடுக்கற வேல மட்டும் எங்கிட்ட குடுத்துடு."

"செருப்பு பிஞ்சிடும் ஒனக்கு. மண்ணெண்ணெ இருக்கா?"

அவன் ஒரு டப்பா மண்ணெண்ணெய், ஸ்குரூ டிரைவர், கூர் தீட்டிய சைக்கிள் கம்பி ஒன்று கொடுத்தான். மூலையில் ஒரு பலகையை ஒதுக்கினான். "இன்ஜின் சீஸ் ஆனா நாங்க முக்கித் திருப்ப மாட்டோம். ஊற வுடுவோம். ஒனக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டு ஒரு வண்டியின் அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

தலையைச் சாய்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மேலே இருந்த கறுப்புக்கும் தங்கப் பூவுக்கும் சம்பந்தமே இல்லாத உலகம். தண்டுகள், முட்டிகள், ஒன்றின் ஆட்டத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கும் வளைவுகள். எல்லாவற்றின் மேலும் தேன் காய்ந்த மாதிரி ஒரு மஞ்சள் பிசின். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வந்தது. இது என்ன என்று யோசித்தேன், பழைய கிரீஸாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். அடி நூலைச் சுமக்கிற, படகு மாதிரி இருந்த ஷட்டிலுக்குள் நூல் அப்படியே இருந்தது. மாம்பழ நிறம். அந்த ஆயுத பூஜை மத்தியானத்துக்குப் பிறகு இதை யாரும் திறக்கவில்லை.

மேல் பக்கத்துக்கு வந்தேன். பழைய மிஷின்களில் தலையின் மேலே அங்கங்கே சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே உரசும் இடத்துக்கெல்லாம் எண்ணெய் இறங்குவதற்கான வழி அது. இந்த மிஷினில் துளைகளைக் காணோம். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது ஒரு இடத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் தெரிந்தது. கம்பியால் குத்தினேன். கெட்டியாக இருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து மறுபடி குத்தினேன். பொடியாக உதிர்ந்தது. மஞ்சள், அதற்கு அடியில் சிவப்பு, அதற்கும் அடியில் மஞ்சள். கம்பி நுனியை மூக்கருகே கொண்டுபோனேன். மண்ணெண்ணெய் நாற்றத்துக்குள்ளிருந்து சந்தன வாசனை வந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. கோயில் கருவறை வாசனை ஒரு இரும்புத் துளையிலிருந்து வந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பொட்டு வைக்க வாகான இடம் எது? மேலே, தெரிகிற மாதிரி, விரல் நுனி தானாகப் போய் அழுந்துகிற சின்னக் குழி. வருஷா வருஷம் அம்மா அந்தக் குழிகளில்தான் பொட்டு வைத்திருக்கிறாள். குழையக் குழைய அரைத்த சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுத்த வருஷம் அதன்மேல் இன்னொன்று. வெளியே துடைத்தாள், உள்ளே அடைத்துக்கொண்டது. எண்ணெய் விட்டாலும் அது மேலேயே வழிந்து ஓடியிருக்கும். உள்ளே இரும்பை இரும்பு தின்றிருக்கும்.

அன்று சாயந்தரத்துக்குள் எல்லாத் துளையும் திறந்துவிட்டேன். திறந்த வேகத்தில் வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் கோலப்பொடி டப்பாவை மழைக்கு உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தாளில் மடித்து வைத்திருந்த சந்தனப் பொடியைக் காட்டினேன்.

"அம்மா, அத்த ஒண்ணும் பண்ணல. இதுதான் காரணம். எண்ணெ எறங்கற ஓட்ட எல்லாம் சந்தனத்தால அடச்சிக்கிச்சு. உராய்வு ஜாஸ்தியாயி நின்னுபோச்சு."

"என்னா ஆயி?"

"உராய்வு. உரசல். எண்ணெ இல்லாம."

அம்மா தாளிலிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள்.

"அப்போ சாமி கும்புட்டதால கெட்டுப்போச்சுன்ற."

"சாமி இல்லம்மா. சந்தனம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்." தாளை மடித்து என் கையிலேயே வைத்தாள். "ஒன்னப் படிக்க வெச்சதுக்கு நல்லா கண்டுபுடிச்சிட்ட. அவ மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் என் மேலதான்."

அன்று ராத்திரி எங்களுக்குச் சோறு போட்டாள், தான் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பையில் கருவாடு இருந்தது, ஆனால் அவள் வாசல் வரை வரவில்லை. பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். நான் சொன்னதில் தப்பில்லை. ஆனால் தன் கையால் செய்ததில் இது ஒன்றாவது குறையில்லாமல் செய்தோம் என்று அவள் வைத்திருந்ததை எடுத்துவிட்டேன். படிப்பு என்பது வீட்டுக்குள் நுழையும்போது இப்படித்தான் நுழையுமோ என்று பயமாக இருந்தது.

சிதம்பரத்தில் அத்தை முறத்தில் அரிசி பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சந்தனக் கதையை அவளிடம் சொன்னேன். அவள் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். பல வருஷப் பழி போய்விட்டதே. அவள் முறத்தை இன்னொரு தரம் புடைத்தாள். ஒரு கல்லை எடுத்து எறிந்தாள். அரிசியையும் சேர்த்து எறிந்துவிட்டாள்.

"அண்ணி என்னா சொன்னாங்க?"

"எல்லாம் எம்மேலதான்னாங்க."

"அது இல்லடா." முறத்தைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நான் மிதிச்சா கனமா இருந்துச்சு. ஆயில் டப்பா காலி. வெளக்குக்கு ஊத்த அண்ணி ஒரு சொம்புல தேங்காண்ணெ வெச்சிருந்தாங்க. அத எடுத்து வுட்டேன். மேல ஓட்டையில எறங்கல. தலையச் சாச்சு அடியில ஊத்தனேன். மொத்தத்தையும்."

எனக்கு அந்த மஞ்சள் பிசின் ஞாபகம் வந்தது.

"ஏன் அத்த அப்பவே சொல்லல?"

"ஏன்டா, படைச்ச மிஷின்ல ஒக்காந்தேன்னதுக்கே அந்தக் கத்து கத்துனாங்க. சாமி எண்ணெயத் திருடி ஊத்தனேன்னு வேற சொல்லுவனா? அடி வாங்கவா?"

மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்கித்தான் எங்கள் தலையில் தேய்த்திருக்கிறார்கள் இந்த இரண்டு பெண்களும். அது உறையும் என்று அவர்களுக்குத் தெரியும். விளக்கில் ஊற்றிய மிச்சம் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது, அதுவும் தெரியும். மிஷினுக்குள் அது என்ன செய்யும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாடத்தில் உயவுப் பொருள் என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கிய எனக்கே அந்தப் பிசினைப் பார்த்தபோது தோன்றவில்லையே. ஆக நான் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தது பாதிக் காரணம்தான். சந்தனம் மட்டும் என்றால், அன்று நின்றாலும் சூடு ஆறியதும் மிஷின் இன்னும் கொஞ்ச காலம் முனகிக்கொண்டு ஓடியிருக்கும். தேங்காயெண்ணெய் உள்ளே உறைந்து பூட்டிவிட்டது. சந்தனம் அடைத்திருக்காவிட்டால் தேங்காயெண்ணெய்க்கும் வேலை வந்திருக்காது.

"இத அண்ணிகிட்ட சொல்லிடு" என்றாள் அத்தை. முறத்தை மறுபடி எடுத்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்து சொல்லு. போன்ல கீன்ல சொல்லாத" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தபோது அம்மாவும் அப்பாவும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிவி இப்போது ஒரு அரிசி மூட்டைமேல் இருந்தது. நான் உட்காராமலே சொல்லிவிட்டேன். அம்மா டிவியிலிருந்து மெதுவாகத் திரும்பினாள்.

"வெளக்கு எண்ணெயா?"

"ஆமா."

"ஒரு சொம்பு எண்ணெ. நான் அன்னிக்குச் சாயந்தரம் தேடாத எடம் இல்ல." அப்பாவைப் பார்த்தாள்.

"பாத்தியா!" என்றார் அப்பா எழுந்து உட்கார்ந்து. "என்னியத்தான் புடிச்ச. நான் தலைக்குத் தேச்சிட்டேன்னு சொன்ன. எந்தலையில இருக்கற நாலு முடிக்கு ஒரு சொம்பு எண்ணெயா? அன்னிக்கும் அதான் கேட்டேன்!"

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினாள். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புத்தி கெட்டவ. மிஷினுக்குத் தேங்காண்ணெ ஊத்துவாளா ஒருத்தி" என்றாள். பல வருஷத்தில் அத்தையை அம்மா திட்டியதிலேயே அதுதான் சொந்தக்காரர்களைத் திட்டுகிற திட்டு. அதற்கு முன்பெல்லாம் திட்டினாலும் "அந்தப் பொம்பள" என்பாள்.

அதற்காக உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கல்யாணத்துக்கு வருவாயா என்று அப்பா கேட்டதற்கு "நெத்திலி காஞ்சிச்சான்னு பாருங்க" என்று பதில் வந்தது. நான் மிஷினைப் பார்க்கப் போய்விட்டேன்.

பிசினைக் கரைப்பது சந்தனத்தைக் குத்தியதைவிடக் கஷ்டமாக இருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, மறுபடி ஊறவைத்து. ஆர்வக் கோளாறில் துருப் பிடித்த இடத்தில் எமரித் தாள் போட்டுத் தேய்த்ததில் ஒரு தங்கப் பூவும் கொடியும் காணாமல் போயின. மழையில் சிதம்பரமும் கடலூருமாக நான் அலைந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கைச்சக்கரத்தை லேசாக முன்னும் பின்னும் ஆட்டியபோது ஊசித் தண்டு ஒரு நூல் அளவு அசைந்தது. நான் கத்தியதில் என் நண்பன் வண்டிக்கு அடியிலிருந்து தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தான்.

"என்னா மச்சான், உசுரு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்ப என் பேன்ட்டுக்கு மொதல்ல ஜிப் வெச்சுக் குடு."

புதுத் தோல் வார் நியூ டவுனில் லாரன்ஸ் ரோடு பக்கம் ஒரு கடையில் கிடைத்தது. பழைய மிதியில் துரு எடுத்து, பெரிய சக்கரத்தில் வாரை மாட்டி, தலையை அதன் இடத்தில் உட்கார வைத்தேன். மிஷின் ஆயில் விட்டேன். ஒவ்வொரு துளையும் எண்ணெயைக் குடித்தது. மிதித்தால் ஓடியது. ஆனால் தைக்கவில்லை. இரண்டு தையல் போட்டதும் நூல் அறுந்தது. மறுபடி கோத்தேன், மறுபடி அறுந்தது. அம்மா அடுக்களையிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடுவதும் நிற்பதும், ஓடுவதும் நிற்பதும். கடைசியில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எழுந்திரி."

குனிந்து ஒரு பார்வை பார்த்தாள். ஊசியைத் தளர்த்தித் திருப்பி மாட்டினாள். ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை என்பதை நான் கவனிக்கவே இல்லை. ஷட்டிலிலிருந்த மாம்பழ நிற நூலை விரலால் இழுத்தாள். நான் அதைப் பத்திரமாக அப்படியே வைத்திருந்தேன். பொட்டென்று அறுந்தது. "மக்கிப்போச்சு" என்று முழுசையும் உருவி எடுத்துக் குப்பையோடு போட்டுவிட்டு, புது நூல் சுற்றினாள். ஒரு கந்தல் துணியை வைத்துக் காலை மிதியில் வைத்தாள். வெந்து கறுத்த விரல்கள் துணியைப் பிடித்துத் தள்ளவில்லை, அதன் போக்கில் விட்டன. நேராக ஒரு கோடு ஓடியது.

அவள் கொஞ்ச நேரம் வெறும் துணியிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். கந்தல் முழுக்கக் கோடாகிவிட்டது. நான் நின்றிருப்பது மறந்துவிட்டது என்று நினைத்தேன்.

"எங்கெங்க ஓட்ட இருக்கு, காமி" என்றாள் திடீரென்று.

காட்டினேன். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு சாமி மாடத்திலிருந்து சந்தனமும் குங்குமமும் எடுத்து வந்து, இரும்பில் வைக்காமல், மரப் பலகையின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தாள். கும்பிட்டாள். திரும்பும்போது என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்தப் பொண்ணோட அளவு ஜாக்கெட்டு ஒண்ணு வாங்கியா."

அளவு ஜாக்கெட் என்றால் தைக்கிறவர்களுக்கு அதுதான் டேப். நன்றாகப் பொருந்துகிற ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டால் போதும், அதை விரித்து வைத்து வெட்டிவிடுவார்கள். சீர்ப் புடவைக்கு ஜாக்கெட்டை மாமன் வீட்டில் தைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதை அம்மா தைக்கிறாள் என்றால் அம்மா வருகிறாள். அப்பா பக்கத்து அறையில் இருமினார். அதற்குமேல் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. எடுத்தால் கலைந்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

அத்தையிடம் கேட்டபோது அவள் முதலில் புரியாமல், "எதுக்கு?" என்றாள். பிறகு புரிந்தது. பீரோவைத் திறந்து ஜாக்கெட்டாக எடுத்துக் கட்டிலில் போட்டாள். இது சாயம் போனது, இது கழுத்து இறக்கம் சரியில்லை, இதைப் பார்த்தால் அண்ணி என்ன நினைப்பார்கள். கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அளவு ஜாக்கெட்டுக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்த ஆள் தமிழ்நாட்டிலேயே என் அத்தையாகத்தான் இருக்கும்.

கல்யாணம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில். நாங்கள் விடியற்காலையிலேயே போய்ச் சேர்ந்தோம். அம்மா வண்டியை விட்டு இறங்கி, புடவை மடிப்பைச் சரி செய்தாள், மறுபடியும் சரி செய்தாள். அத்தை மண்டப வாசலில் இல்லை. மணப்பெண் அறையில் இருப்பதாகச் சொன்னார்கள். அப்பா சீர்த் தட்டை அடுக்க உட்கார்ந்தார். அம்மா ஜாக்கெட்டையும் புடவையையும் எடுத்துக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரொம்ப நேரம் யாரும் வெளியே வரவில்லை. புடவை கட்டி முடித்தாயிற்று, மாலையைக் கொண்டுவா என்று ஆள் வந்து சொன்னபோது நான் மாலைக் கூடையோடு போய்த் திறந்திருந்த கதவருகே நின்றேன்.

அத்தை பெண்ணின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க அண்ணி" என்று சொல்லியிருப்பாள்போல, அதற்கு அம்மா "ம்" என்றிருப்பாள்போல, அறையில் அந்த மாதிரி ஒரு அமைதி. அம்மா பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தை அல்ல, தோளை.

"கை புடிக்குதா?" என்றாள்.

பெண் தன் அம்மாவைப் பார்த்தாள். "இல்ல அத்த, நல்லா இருக்கு" என்றாள்.

"பொய் சொல்லாத. கையத் தூக்கு."

தூக்கினாள். பாதி தூரம்தான் வந்தது.

"லேசா புடிக்குது அத்த."

அத்தை பதறிப்போனாள். "அளவு ஜாக்கெட்டு சரியாத்தான் அண்ணி குடுத்தேன். கல்யாணம்னதும் ரெண்டு மாசமா வூட்லயே ஒக்காந்து தின்னுட்டா. அதான்…"

"தெரியும். கல்யாணப் பொண்ணு பூசத்தான் செய்வா." அம்மா அவள் கையைப் பிடித்து அக்குள் பக்கத் தையலை விரலால் தடவினாள். "உள்ள துணி வுட்டுத்தான் தச்சிருக்கேன். ஒரு தையல் பிரிச்சா போதும். பிளேடு இருக்குதா?"

அத்தை அறை முழுக்கத் தேடினாள். பவுடர் டப்பாவைத் தட்டிவிட்டாள், வளையல் பெட்டியைக் கவிழ்த்தாள், கடைசியில் எங்கிருந்தோ ஒரு பாதி பிளேடு கிடைத்தது. அம்மா அதை வாங்கி இரண்டாக ஒடித்து ஒரு துண்டை அத்தையிடம் கொடுத்தாள்.

"நான் இந்தப் பக்கம் பிரிக்கிறேன். நீ அந்தப் பக்கம். துணி ஓரத்துல இருக்கற தையல வுட்டுடு, ஒடம்ப ஒட்டுன தையல மட்டும் எடு."

கொக்கிகளை அவிழ்த்து, பெண் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு சிலை மாதிரி நின்றாள். ஆளுக்கு ஒரு பக்கமாக இருவரும் குனிந்தார்கள். நான் திரும்பி நின்றுகொண்டேன். தையல் ஒவ்வொன்றாகத் தெறிக்கும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"அண்ணி."

"என்னா?"

"மிஷினுக்கு இப்ப என்னா எண்ணெ ஊத்தறீங்க?"

"என்னா எண்ணெ ஊத்தனா ஒனக்கு என்னா? நீ அது பக்கம் வராம இருந்தா அதுவே போதும்."

பெண்தான் முதலில் சிரித்தாள். "ஆடாதடி, பிளேடு பட்டுடும்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதட்டினார்கள்.

மண்டபத்துக்குள்ளிருந்து அப்பா தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு ஓரத்துக்கு ஆள் வருமா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கை பிடித்ததாம், பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், இதோ வந்துவிடுவார்கள் என்று சொல்ல நான் அவரிடம் போனேன்.